இரவல் நாய்கள்

சோபம் காமனுக்கு வாசல் கிடையாது. சீட்டு, காவலாளி, மூடும் நேரம் எதுவும் கிடையாது. லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், 500 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கும் மணல் பூமி அது. தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரிய தேசிய இயற்கைக் காப்பிடங்களில் ஒன்று. ஆனால் காப்பிடம் என்றதும் நம் மனதில் எழும் அடர்காடு அங்கே இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர்கள், இடுப்பு உயரத்துக்கு முள்ளடர்ந்த கார்ஸ், பள்ளங்களில் டிக்காஷன் நிறத்தில் தேங்கிய தண்ணீர், ஆங்காங்கே ஒரு பைன் மரம். மீதியெல்லாம் வானம். ஹீத் என்பார்கள் இந்த வகை நிலத்தை.

வேலை நிமித்தம் அதற்குப் பக்கத்து ஊரான வோக்கிங்கில் சில வருடங்கள் இருந்தேன். அந்த வருடங்களில் எனக்குச் சொந்தமாக நாய் இருந்ததில்லை. வாடகை ஒப்பந்தத்தில் பிராணிகள் கூடாது என்று எழுதியிருந்தது. நான் நடத்திப் போனது பக்கத்து வீட்டு நாய்களை. அந்த வீட்டு அம்மாள் ஓய்வு பெற்ற செவிலியர், தனியாள். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாய்கள் வெளியே போக முடியாமல் குமைந்துகொண்டிருந்தன: டில்லி, வயதான கறுப்பு லாப்ரடார், பாக்ஸ்டர், ஒரு நொடி சும்மா நிற்கத் தெரியாத ஸ்பிரிங்கர் ஸ்பேனியல். "வேண்டுமானால் நான் கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமைக்குத்தான் கேட்டேன். அவருடைய மூட்டு நன்றாகத் தேறிய பிறகும் நாய்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவரும் கேட்கவில்லை. அப்புறம் மூன்று பேரும் இரண்டு நாய்களுமாகப் போகத் தொடங்கினோம். மூன்றாவது ஆள் அவருடைய பழைய கார். அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்.

அங்கே வெட்டவெளியில் ஓர் ஆள், அதுவும் என் நிறத்து ஆள், தனியாக வேலையில்லாமல் சுற்றினால் எதிரே வருகிறவர் கண்ணில் ஒரு கேள்வி தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாய்க்கயிறு கையில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. முதலில் நாயிடம் பேசுவார்கள், அப்புறம் வானிலையைப் பற்றி என்னிடம். சில மாதங்களில் அந்த நிலத்தில் எனக்கு ஓர் அடையாளம் வந்துவிட்டது: பாக்ஸ்டரோடு வருகிறவர். என் பெயரை யாரும் கேட்டதில்லை, நானும் யார் பெயரையும் கேட்டதில்லை. நாய்களின் பெயர்கள் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் என் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெயரே தேவைப்படாத இடம் ஒன்று கிடைத்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஏப்ரலில் கார்ஸ் பூக்கும். மஞ்சள் என்றால் கண் கூசும் மஞ்சள். வெயில் ஏறியதும் அந்தப் பூக்களிலிருந்து தேங்காய் வாசனை வரும். மிகையாகச் சொல்லவில்லை, ஆங்கிலேயர்களே தேங்காய் வாசனை என்றுதான் சொல்கிறார்கள், ஒரு தென்னை மரத்தைக்கூடப் பார்க்காதவர்கள் உட்பட. துருவிய தேங்காயைப் பக்கத்தில் வைத்தது மாதிரி, கொஞ்சம் இனிப்பு கலந்து. முதல் தடவை அந்த வாசனை வந்தபோது சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரோ சமைக்கிறார்களோ என்று. குளிரில் உறைந்து கிடந்த மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகு, வெறும் வயிற்றோடு நடக்கிற காலைவேளையில், அது மூக்கில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது திருச்சியில் வீட்டில் தேங்காய் துருவும்போது எனக்கு நினைவுக்கு வருவது சோபம் காமன். மனைவிக்கு இது வேடிக்கை.

ஜூனில் பெல் ஹெதர் ஊதாவைத் தொடங்கிவைக்கும். ஆகஸ்டில் சாதாரண ஹெதர், அவர்கள் லிங் என்பது, மொத்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஈரமான பள்ளங்களில் சன்ட்யூ என்ற சின்னஞ்சிறு செடி, சிவந்த ரோமங்களின் நுனியில் பசைத் துளிகளோடு பூச்சிக்காகக் காத்திருக்கும். டில்லி அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். நவம்பரில் எல்லாம் துருப்பிடித்த பழுப்பு. நான்கு மணிக்கே இருட்டிவிடும். நாய்களின் கழுத்தில் மினுக்கும் விளக்குப் பட்டையை மாட்டிக்கொண்டு, கறுப்புச் சேற்றில் கால் புதைய நடந்து, வீடு திரும்பி, வயிறு முழுக்கக் கறுப்பான இரண்டு நாய்களையும் குழாயடியில் கழுவி, பழைய துண்டால் துவட்டுவோம். அந்தக் காரின் பின்னிருக்கையில் ஈர நாய் வாடை நிரந்தரமாகக் குடியிருந்தது. அழகான மாதங்களைவிட இந்த நவம்பர், ஜனவரி வேலைகளைத்தான் அதிகம் தேடுகிறேன். ஏனென்று தெரியாமல் இல்லை. ஆகஸ்டில் யார் வேண்டுமானாலும் போவார்கள். மழையில், இருட்டில், கதவருகே மூக்கை வைத்துக் காத்திருக்கும் ஒரு ஜீவன் இருந்தால்தான் போவோம். அந்தக் கட்டாயம் இப்போது என் நாளில் இல்லை.

அந்த நிலத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாள்தான். ஹீத் இயற்கையாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது என்பார். வெண்கலக் கால மனிதர்கள் காட்டை வெட்டினார்கள், மேய்த்தார்கள். அடியில் இருப்பது பேக்ஷாட் மணல். மழை அதன் சத்தையெல்லாம் கீழே இறக்கிவிட்டது. சத்தில்லாத புளித்த மண்ணில் வேறெதுவும் வராத இடத்தில் ஹெதர் வந்தது. பிறகு நூற்றாண்டுக் கணக்கில் ஏழைக் குடியானவர்கள் அதைக் காடாக வளரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படிச் சொன்னால் தவறாகப் படும், ஆனால் அதுதான் நடந்தது. மாடு மேய்த்தார்கள். மேல்மண்ணைக் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். கார்ஸை ரொட்டி சுடும் உலைக்குக் கொண்டுபோனார்கள். பிராக்கன் பெரணியை மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டார்கள். ஹெதரிலும் பிர்ச் குச்சிகளிலும் துடைப்பம் கட்டி விற்றார்கள். நிலம் பிரபுவினுடையது, எடுத்துக்கொள்ளும் உரிமை ஊருடையது. காமன் என்பது அந்த ஏற்பாடுதான்.

நிலக்கரி வந்தது, ரயில் வந்தது, துடைப்பம் கடையில் கிடைத்தது. யாரும் வெட்டாததால் பிர்ச்சும் பைனும் முளைத்து ஹீத்தை மூடத் தொடங்கின. மிச்சத்தை விவசாயமும் பைன் தோட்டங்களும் வீடுகளும் எடுத்துக்கொண்டன. 1800-இல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போய்விட்டது. மிஞ்சியதைக் காப்பாற்ற இப்போது தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் கூடி, அன்று பிழைப்புக்காகச் செய்ததைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். பிர்ச் கன்றுகளைப் பிடுங்குவது, ரம்பத்தால் அறுப்பது, குவித்து எரிப்பது. அந்த அம்மாள் மூட்டு அறுவைக்கு முன்னும் பின்னும் அதற்குப் போனவர். பச்சை மரத்தை வெட்டுகிறார்களே என்று புதிதாக வருகிறவர்கள் சண்டை போடுவதும் உண்டு. அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்குவார். பாக்ஸ்டர் அதற்குள் அவர்களுடைய சாண்ட்விச்சைத் தின்றிருப்பான்.

மாடும் போய், மண்கட்டியும் போய், இன்று அந்த நிலத்திலிருந்து ஊர் எடுத்துக்கொள்வது நடையை மட்டும்தான். அதையும் தினம் தவறாமல் எடுத்துக்கொள்கிறவர்கள் நாய் வைத்திருப்பவர்கள். அவர்கள்தான் இந்தக் காலத்துக் காமன்வாசிகள் என்று எனக்குப் படும். ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஆட்கள் எடுத்துப் போனது நிலத்துக்கு நன்மை செய்தது. இவர்கள் விட்டுப் போவது கெடுதல் செய்கிறது. பெல்ஜியத்தில் கெண்ட் நகரை ஒட்டிய காப்பிடங்களில் நாய்களின் மலமும் சிறுநீரும் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்க்கின்றன என்று 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. வயலுக்கு அது வரவு. சத்தில்லாமல் இருப்பதாலேயே ஹீத்தாக இருக்கும் மண்ணுக்கு அது நஞ்சு. பையில் அள்ளிப் போட்டாலும் சிறுநீரை என்ன செய்ய? அள்ளிய பையைக் கார்ஸ் கிளையில் தொங்கவிட்டுப் போகும் ஆட்கள் தனி இனம். அவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பின் தொனி கெட்டுவிடும்.

இன்னும் பெரிய சிக்கல் பறவைகள். பக்கி, மரவானம்பாடி, டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி. பக்கியும் மரவானம்பாடியும் தரையில் முட்டையிடுகிறவை. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி புதருக்குள்ளே தாழ்வாகக் கட்டும்; பூச்சியை நம்பி வாழ்ந்துகொண்டு குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகாத பிடிவாதக்காரக் குருவி. 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு பிரிட்டன் முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளே மிஞ்சின. இந்த மூன்று பறவைகளுக்காகத்தான் 2005-இல் சர்ரே, ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர் மாவட்டங்களின் ஹீத்துகளைச் சேர்த்துத் தேம்ஸ் படுகை ஹீத்துகள் என்று சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். பாக்ஸ்டர் மாதிரி ஒரு நாய் புதருக்குள் புகுந்தால் அடைகாக்கும் பறவை எழுந்துவிடும். எழுந்த இடத்தில் முட்டை தெரியும். காகத்துக்கு அது போதும்.

2000-ஆம் ஆண்டு வந்த நடைபாதை உரிமைச் சட்டம், திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. அந்த அம்மாளின் சட்டம் அதைவிடக் கடுமையானது. பக்கி இரண்டாம் முறையும் முட்டையிடும், ஆகவே ஆகஸ்ட் முடியும்வரை வார். பாக்ஸ்டர் இரண்டு மீட்டருக்குள் எப்படிக் கழிப்பான் அரை வருடத்தை? என் தோள்பட்டை இடம் மாறியது அவனால்தான். செப்டம்பர் முதல் நாள் கொக்கியைக் கழற்றும்போது அவன் ஒரு கணம் நம்பாமல் நிற்பான். அப்புறம் ஊதாவும் பழுப்புமான அந்தப் பரப்பில் காது இரண்டும் பறக்க ஒரு பெரிய வட்டம் போடுவான். டில்லி உட்கார்ந்து பார்ப்பாள்.

தேம்ஸ் படுகை ஹீத்துகளின் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு விசித்திரமான பிரிவு உண்டு. ஹீத்திலிருந்து 400 மீட்டருக்குள் புது வீடு கட்டக்கூடாது. பூனைகளும் ஒரு காரணம். அதைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் வரை கட்டலாம், ஆனால் குடிவருகிறவர்களின் நாய்கள் ஹீத்துக்குப் போகாதபடி மாற்றுப் பசுமை வெளி ஒன்று அமைத்துத் தர வேண்டும். ஆயிரம் பேருக்கு எட்டு ஹெக்டேர் என்பது கணக்கு. அதில் 2.3 முதல் 2.5 கிலோமீட்டர் வரை வட்டப்பாதை இருக்க வேண்டும். நாயோடு வருகிறவர் வழக்கமாக நடக்கும் தூரத்தை ஒட்டிய அளவு அது. கார் நிறுத்தவும் இடம் வேண்டும். நாய்களுக்காக நிலம் ஒதுக்கும் நகரத் திட்டம் என்று முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். பிறகு அப்படிப்பட்ட வெளி ஒன்றுக்குப் பங்குனி, சித்திரை மாதங்களில் பாக்ஸ்டரை அழைத்துப் போனோம். அவிழ்த்துவிடலாம், குட்டை உண்டு, குப்பைத் தொட்டி உண்டு. நாய்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஹீத்துதான் வேண்டும் என்று இருந்தது எனக்குத்தான்.

ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்த நேரம் நாய்களை வீட்டில் விட்டுவிட்டுப் பக்கியைக் கேட்கப் போவோம். ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து சேரும் பறவை. இறக்கையில் வெள்ளைத் திட்டு உள்ள ஆண், கட்டையில் நீளவாக்கில் படுத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் நிமிடக் கணக்கில் ஓர் ஒலியை உருட்டும். தலையைத் திருப்பும்போது ஒலி ஏறி இறங்கும். வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால் போட்டிக்கு வேறோர் ஆண் வந்துவிட்டதென்று தலைக்குமேல் வந்து வட்டமிடும் என்று சிலர் செய்து காட்டுவார்கள். அந்த அம்மாள் அதற்கு அனுமதித்ததில்லை. "அது இவ்வளவு தூரம் பறந்து வந்தது உன் கைக்குட்டையைப் பார்க்க இல்லை" என்பார்.

மழை அதிகமான நாட்களில் ஹார்செல் காமனுக்குப் போவோம். வோக்கிங்குக்கு ஒட்டினாற்போல் இருப்பது. எச்.ஜி. வெல்ஸ் தன் 1898-ஆம் வருட நாவலில் செவ்வாய்க் கிரகத்தாரை இறக்கிய மணல்குழி அங்கேதான். இன்று அந்தக் குழியில் நாய்கள் நீந்தும். அதே காமனின் ஒரு மூலையில் செங்கல் மதிலும் குமிழ் வைத்த வாயிலுமாக ஒரு சின்ன இடம் உண்டு. முதல் உலகப் போரில் காயம்பட்டு பிரைட்டன் போன்ற தென்கடற்கரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டு இறந்த இந்திய முஸ்லிம் வீரர்களைப் புதைத்த இடம். இரண்டாம் போரிலும் சிலரைப் புதைத்தார்கள். 1960-களின் இறுதியில் எலும்புகளை புரூக்வுட் ராணுவக் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். 2015-இல் இந்த இடத்தை அமைதிப் பூங்கா ஆக்கினார்கள். கல்லில் 27 பெயர்கள். நாய்களோடு உள்ளே போக எனக்குத் தோன்றியதில்லை. அந்த அம்மாள் வெளியே நாய்களைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் போய்விட்டு வருவேன். அங்கே இருக்கும்போது மட்டும் எனக்கு ஊர் நினைவு வரும். மற்றபடி, வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் ஊரை நினைத்து ஏங்கினேன் என்று சொன்னால் பொய்.

சோபம் காமனைப் பளிங்குபோல் அமைதியான இடமென்று யாரும் நினைக்க வேண்டாம். 1970-களில் எம்3 நெடுஞ்சாலையை அதன் நடுவே போட்டுவிட்டார்கள். எங்கே நின்றாலும் லாரிகளின் இரைச்சல் ஓயாது. காற்று தெற்கே திரும்பினால் பேசுவதே கஷ்டம். 1853-இல் இதே இடத்தில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் கூடாரமடித்துப் பயிற்சி எடுத்தார்கள், விக்டோரியா அரசி வந்து பார்வையிட்டார். அதற்கு ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. டில்லி அந்தத் தூணின் நிழலில் படுத்துவிட்டால் இழுத்து எழுப்ப வேண்டியிருக்கும். வரலாற்றைப் பற்றி அவளுக்கிருந்த ஆர்வம் அவ்வளவுதான்.

2020 ஆகஸ்டில் அந்த நிலம் எரிந்தது. பக்கத்தில் வென்ட்வொர்த்தில் நடந்துகொண்டிருந்த பெண்கள் கோல்ஃப் போட்டியைப் பாதியில் நிறுத்துமளவுக்குப் பெருந்தீ. எங்கள் வீட்டு ஜன்னல்வரை புகை வாடை வந்தது. சில வாரங்கள் கழித்துப் போனோம். கார்ஸின் தண்டுகள் மட்டும் கறுப்பாக நீட்டிக்கொண்டு நின்றன. பாக்ஸ்டர் வாலைத் தாழ்த்திக்கொண்டு என் காலோடு ஒட்டி நடந்தான். மோந்து பார்க்க அவனுக்கு ஒன்றுமில்லை. மறு வருடம் பெரணி முதலில் வந்தது, பிறகு பிர்ச் முளைகள். தன்னார்வலர்களுக்கு வேலை இரட்டித்தது. ஹெதர் விதையிலிருந்து முளைத்துப் பூத்து நிரப்ப வருடங்கள் ஆகும் என்றார் அந்த அம்மாள். அந்த வருடங்கள் எனக்குக் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, வந்துவிட்டேன். எரிந்த இடத்தைத்தான் கடைசியாகப் பார்த்தது.

டில்லி நான் வந்த மறு குளிர்காலத்தில் போனாள். பாக்ஸ்டர் இன்னும் கொஞ்சம் நாள் இருந்தான். இரண்டு செய்தியும் ஒரே மாதிரிதான் வந்தன: முதலில் வானிலை, பிறகு யார் யார் விசாரித்தார்கள் என்ற பட்டியல், கடைசி வரியில் நாய். இங்கே திருச்சியில் ஒரு நாய் வளர்க்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். வளர்க்கலாம். ஆனால் எங்கள் தெருவில் நாயோடு நடப்பது என்றால் ஐம்பது அடிக்கு ஒரு எல்லை. முக்குக் கடை நாய்கள் ஒரு கட்சி, டிரான்ஸ்ஃபார்மர் நாய்கள் ஒரு கட்சி. நம் நாய்க்கு அது நடையல்ல, தூது போவது.

அக்கா மகன் போன மாதம் வோக்கிங்கில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான். போனில் கூப்பிட்டான். "மாமா, சனி ஞாயிறானா இங்க போக ஒரு இடமும் இல்ல மாமா" என்றான். நான் ஆரம்பித்துவிட்டேன். எந்தக் கார் நிறுத்தத்தில் விட்டால் சேறு குறைவு, எந்தப் பலகைப் பாலம் வழுக்கும், மார்ச்சில் வெயில் காய வரும் விரியன் பாதையோரம் சுருண்டிருக்கும், நாயின் மூக்கைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காதுமடலில், அக்குளில் உண்ணி தேட வேண்டும், அதைக் கையால் பிய்க்கக் கூடாது, அதற்கென்று ஒரு சின்னக் கொக்கி விற்கிறது, வாங்கிக்கொள். வாரின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் குறுக்கிட்டான்.

"எங்கிட்ட நாயே இல்லையே மாமா."

அதனால் என்ன என்று அந்த அம்மாளின் எண்ணைக் கொடுத்தேன். புதிதாக ஒன்று எடுத்திருக்கிறாராம், பலமாக இழுக்கிறதாம், அந்த மூட்டை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை, யாராவது இருந்தால் சொல் என்று எழுதியிருந்தார்.